கட்டில் மேல் ஓர் எவரெஸ்ட்

2025 மே 16, வெள்ளிக்கிழமை. லண்டனில் நாலு பேர் விமானம் ஏறுகிறார்கள். நாலு பேரும் முன்னாள் சிறப்புப் படை வீரர்கள். அதில் ஒருவர் அப்போது பிரிட்டிஷ் அரசில் மந்திரி. மே 21, புதன்கிழமை காலை நாலு பேரும் எவரெஸ்ட் உச்சியில் நிற்கிறார்கள். முழுசாக ஐந்து நாள்கூட ஆகவில்லை. சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கிற வேலை இது.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டன. செனான். புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜெர்மனியில் அந்த வாயுவைச் சுவாசித்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் செய்தி. அது ஊக்கமருந்தா இல்லையா, மலையேற்றத்தின் மானம் போச்சா போகவில்லையா என்று ஏகப்பட்ட சண்டை. செனான் 2014லிருந்தே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இருக்கிறது. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவும் 2025 ஜனவரியிலேயே, செனானால் மலையில் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை, கண்டபடி பயன்படுத்தினால் ஆபத்து என்று சொல்லிவிட்டது.

ஆனால் அந்த நாலு பேரும் வேறு ஒன்றும் செய்திருந்தார்கள். வாரக்கணக்கில் வீட்டில், ஆக்சிஜன் குறைந்த கூடாரத்துக்குள் படுத்துத் தூங்கியிருந்தார்கள். அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திட்டெல்லாம் செனானுக்குப் போயிற்று, கூடாரம் நல்ல பிள்ளை மாதிரி தப்பித்துக்கொண்டது. செனானாவது ஒரு சிலருக்குத்தான் கிடைக்கும். கூடாரத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், மாத வாடகைக்கும் எடுக்கலாம். அதிகம் பேரை ஏமாற்றப்போவது எது என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் அந்த வஸ்து என்னவென்று பார்த்துவிடலாம். கட்டிலைச் சுற்றிக் கொசுவலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடாரம். பக்கத்தில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு இயந்திரம். அது அறையில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு, மீதியைக் குழாய் வழியாகக் கூடாரத்துக்குள் அனுப்பும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். உள்ளே அது 15, 14, 12 என்று இறங்கும். 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரம் என்று கணக்கு. ராத்திரி பூரா மோட்டார் சத்தம், உள்ளே புழுக்கம், மூச்சின் ஈரம் எல்லாம் பிளாஸ்டிக்கில் வழியும். (கணவர் எவரெஸ்ட் போகிறார் என்ற ஒரே குற்றத்துக்காக மனைவியும் ஏன் 4,000 மீட்டரில் தூங்க வேண்டும் என்று தெரியவில்லை. அதனால் தலையை மட்டும் மூடுகிற சின்னக் கூடாரமும் விற்கிறார்கள்!)

இதற்கும் மலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 20.9 சதவீதம்தான். பலர் இதை நம்ப மாட்டார்கள். மேலே குறைவது சதவீதம் இல்லை, அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்ப்பில் ஏறக்குறைய அதில் பாதி. உச்சியில் 1981ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் பிட்சோ கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அளந்தபோது 253 மில்லிமீட்டர். அதாவது மூன்றில் ஒரு பங்கு. கூடாரத்தில் அழுத்தம் குறைவதில்லை, ஆக்சிஜனை மட்டும் திருடுகிறார்கள். இரண்டும் உடம்புக்கு ஒன்றுதானா இல்லையா என்று உடலியங்கியல் ஆட்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். ஒன்றுதான் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டாலும் கூடாரத்தின் கணக்கு உதைக்கிறது.

உயரத்துக்குப் போனதும் உடம்பு முதலில் செய்வது வேகமாக மூச்சு விடுவது. அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடும், ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். சாய்ந்ததும் மூளை "போதும், மெதுவாக விடு" என்று பிரேக் போடும். ஆக்சிஜன் பற்றாக்குறை ஆக்சிலரேட்டரை அழுத்த, இது பிரேக்கை அழுத்த, உடம்பு திண்டாடும். (தூக்கத்தில் கொஞ்ச நேரம் மூச்சு நின்று, பிறகு ஆள் திடுக்கென்று எழுந்து உட்கார்வது இதனால்தான்.) அப்புறம் சிறுநீரகம் வந்து பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி அந்த பிரேக்கைத் தளர்த்த வேண்டும். அதற்கு நாள்கணக்கில் ஆகும். சிவப்பணுவை உற்பத்தி செய்யச் சொல்லும் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறிவிடும், ஆனால் சிவப்பணு உண்மையில் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். உடம்பு பழகுவது என்பது இவ்வளவுதான். மந்திரம் ஒன்றும் இல்லை. நாள் வேண்டும், தொடர்ச்சியாக வேண்டும்.

கூடாரத்துக்காரர் என்ன செய்கிறார்? ராத்திரி எட்டு மணி நேரம் 3,500 மீட்டரில் இருக்கிறார். காலையில் ஜிப்பைத் திறந்து கடல் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறார். பல் தேய்த்து, காபி குடித்து, ஆபீஸ் போய், மீட்டிங்கில் உட்கார்ந்து, பதினாறு மணி நேரம் கழித்து மறுபடியும் 3,500. சிறுநீரகம் இரவில் போட்ட கோலத்தைப் பகல் கலைத்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மிச்சத்துக்கு வைத்த பெயர் "மலைக்குத் தயார்" என்பதுதான் அநியாயம்.

உண்மையிலேயே அறைக்குள் எவரெஸ்ட் ஏறிக் காட்டியவர்கள் உண்டு. 1946இல் சார்லஸ் ஹூஸ்டன் அமெரிக்காவின் பென்சகோலா கடற்படைத் தளத்தில் நாலு பேரை அழுத்தம் குறைக்கும் அறையில் ஒரு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டு போனார். இரண்டு பேர் எவரெஸ்ட் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில் தாக்குப் பிடித்தார்கள். 1985இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நேட்டிக்கில் அதே சோதனை இன்னும் விரிவாக நடந்தது. எட்டுப் பேர், 40 நாள். கவனிக்க வேண்டியது, அவர்கள் காலையில் எழுந்து ஆபீஸ் போகவில்லை. உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே தூங்கி, உள்ளேயே சைக்கிள் மிதித்தார்கள். எவரெஸ்ட்டைச் சுவர்களுக்குள் கொண்டு வந்தபோதும் அது நாள்களில் தள்ளுபடி தரவில்லை. ஆறு வாரத்தைச் சேமிக்க நினைத்தவருக்கு அறை கேட்ட விலையும் கிட்டத்தட்ட ஆறு வாரம்!

சரி, கூடாரத்தை வைத்து நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆள்களை ஏழு ராத்திரி ஆக்சிஜன் குறைந்த காற்றில் தூங்க வைத்து, அப்புறம் 4,300 மீட்டர் பைக்ஸ் பீக் மலைக்குக் கூட்டிப் போனார்கள். தூக்கத்தில் ரத்த ஆக்சிஜன் கொஞ்சம் நன்றாக இருந்தது, காலையில் எழுந்திருக்கும்போது மலைநோயும் குறைவாக இருந்தது. ஆனால் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு மலைநோயிலும் வித்தியாசம் இல்லை, உடல் உழைப்பிலும் வித்தியாசம் இல்லை. தூங்கிப் பழகியவர் தூங்குவதில் தேறினார் என்று சொல்லலாம்.

ஜெர்மனிக்காரர்கள் 2014இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். 76 பேர். பாதிப் பேருக்கு நிஜமாகவே ஆக்சிஜன் குறைத்தார்கள், மீதிப் பேருக்குச் சும்மா சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு வாரம் வீட்டில் தூங்கிவிட்டு 4,500 மீட்டருக்குச் சமமான காற்றில் ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஏன் என்று தோண்டினால், கருவியில் கோளாறு. பலருக்குத் திட்டமிட்ட அளவுக்கு ஆக்சிஜன் குறையவே இல்லை. சரியான அளவு கிடைத்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அவர்களுக்கு மலைநோய் நன்றாகவே குறைந்திருந்தது.

இந்த முடிவைக் கூடாரம் விற்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், தாராளமாக. ஆனால் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் பக்கத்தில் இருந்து கவனித்தும் வீடுகளில் கருவி சொன்ன உயரமும் உண்மையான உயரமும் ஒத்துப்போகவில்லை. அப்படியிருக்க, ஒரு ஓரம் சரியாகச் செருகப்படாத பிளாஸ்டிக்குக்குள் தனியாகப் படுத்திருப்பவர் எந்த உயரத்தில் தூங்குகிறார் என்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது. பெட்டியில் 4,000 என்று ஒளிர்ந்தால் 4,000 என்று நம்புவார்.

இன்னொரு குட்டையும் உடைத்துவிடலாம். இந்த வியாபாரத்தின் அறிவியல் பெருமை எல்லாம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஓட்டப்பந்தய வீரர்களிடமிருந்து. 1997இல் பெஞ்சமின் லெவினும் ஸ்ட்ரே-குண்டர்சனும் ஓட்டக்காரர்களை நாலு வாரம் 2,500 மீட்டரில் வாழ வைத்து, 1,250 மீட்டரில் பயிற்சி கொடுத்தார்கள். 5,000 மீட்டர் ஓட்டத்தில் நேரம் குறைந்தது. அந்த ஓட்டம் நடந்தது கடல் மட்டத்தில்! கீழே ஓடுபவனுக்கு நாலு சிவப்பணு கூடுதலாகக் கொடுப்பது ஒரு வேலை. மேலே ஏறுபவன் சாகாமல் திரும்புவது வேறு வேலை. முன்னதற்குக் கிடைத்த சான்றிதழைப் பின்னதற்கு ஒட்டி விற்கிறார்கள். (ஜிம்மில் சிலர் மாட்டிக்கொண்டு ஓடும் கறுப்பு முகமூடி இதைவிட மோசம். அது ஆக்சிஜன் சதவீதத்தைக் குறைப்பதே இல்லை, மூச்சு விடுவதைக் கஷ்டமாக்குகிறது, அவ்வளவுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாலும் கிட்டத்தட்ட அதே பலன், செலவும் இல்லை :-))

இதெல்லாம் காசு நஷ்டத்தோடு போகிற விஷயம் என்றால் இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை. பணம் இருக்கிறவர் பிளாஸ்டிக்கில் படுத்துவிட்டுப் போகட்டும். கூடாரம் ஆளுக்குக் கொடுக்கும் தைரியம்தான் பிரச்சினை. அந்தத் தைரியம் என்ன செய்யும் என்பதற்கு 150 வருஷத்துக்கு முந்தைய ஒரு கதை இருக்கிறது.

உயரத்தைக் கட்டடத்துக்குள் கொண்டு வந்த முன்னோடி பிரெஞ்சுக்காரரான பால் பெர். இரும்பு அறைக்குள் ஆளை உட்கார வைத்து அழுத்தத்தைக் குறைத்தார். பிரச்சினை ஆக்சிஜனின் அழுத்தம்தான் என்று கண்டுபிடித்ததே அவர்தான். 1874 மார்ச்சில் குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் என்ற இரண்டு பலூன் வீரர்கள் அவருடைய அறைக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். கண் மங்குவதையும் புத்தி மந்தமாவதையும், ஆக்சிஜனை உறிஞ்சியதும் எல்லாம் தெளிவதையும் அனுபவித்தார்கள். அதே மாதம் பலூனில் ஏறி, ஆக்சிஜன் பைகளோடு 7,300 மீட்டர் வரை போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள். செயற்கை உயரத்தில் பயிற்சி, அதற்கப்புறம் நிஜ உயரத்தில் வெற்றி. இன்றைய விளம்பரத்துக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

1875 ஏப்ரல் 15. இந்த முறை "செனித்" என்ற பலூன். கூடவே காஸ்தோன் திசாந்தியே. ஆக்சிஜன் பைகள் இருந்தன, ஆனால் போதாது. போதாது என்று பெர் கடிதமே எழுதினார், அது போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. 7,500 மீட்டர் தாண்டியதும் நடந்ததைத் திசாந்தியே பின்னால் விவரித்திருக்கிறார். பயமே இல்லையாம். வலியும் இல்லை. உள்ளுக்குள் ஒரு மாதிரி சந்தோஷம்கூட இருந்ததாம். ஆக்சிஜன் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார், கை எழவில்லை. 8,000 மீட்டர் வந்துவிட்டோம் என்று கத்த நினைக்கிறார், நாக்கு புரளவில்லை. மயங்கிவிட்டார். நடுவில் ஒருமுறை விழிப்பு வந்தபோது பலூன் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். குரோசே-ஸ்பினெல்லி எழுந்து, பாரத்தைத் தூக்கி வெளியே எறிந்தார். கனமான கருவி ஒன்றையும் சேர்த்து எறிந்தார். பலூன் மறுபடியும் மேலே போயிற்று, ஏறக்குறைய 8,600 மீட்டர் வரை. திசாந்தியே அடுத்த முறை கண் விழித்தபோது இரண்டு பேரும் செத்துக் கிடந்தார்கள். அவருக்கும் காது போய்விட்டது.

இறந்த இரண்டு பேரும் அந்தக் காலத்தில் உலகத்திலேயே செயற்கை உயரத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள். அறைக்குள் இருந்தபோது வெளியே பெர் நின்றுகொண்டிருந்தார், கதவு இருந்தது. மேலே அது இல்லை. ஆக்சிஜன் குறையும்போது முதலில் போவது "ஆக்சிஜன் குறைகிறது" என்று உணரும் புத்திதான். இறங்குகிற பலூனை மேலே அனுப்புகிற கை அப்போதுதான் எழும்.

இப்போது கட்டில் கூடாரத்துக்குத் திரும்பலாம். 5,000 மீட்டரில் ஒருவருக்குத் தலை வலிக்கிறது, குமட்டுகிறது, நடை லேசாகத் தள்ளாடுகிறது. கூடாரம் இல்லாதவர் பயப்படுவார். பயந்தால் வழிகாட்டியிடம் சொல்வார், சொன்னால் இறக்கிவிடுவார்கள். மூளை வீக்கத்துக்கும் நுரையீரலில் நீர் கோப்பதற்கும் முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான். கூடாரத்தில் நாற்பது ராத்திரி தூங்கியவர் என்ன நினைப்பார்? "நமக்குத்தான் பழகிவிட்டதே, இது வெயில் தலைவலியாக இருக்கும்" என்று நினைப்பார். பல்லாயிரம் டாலர் செலவழித்தவருக்கு அப்படி நினைக்க ஆசை வேறு இருக்கும். கூடாரம் ரத்தத்தில் எவ்வளவு ஏற்றியது என்பது சந்தேகம், நம்பிக்கையில் நிறைய ஏற்றிவிட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

உடம்பு வலுவாக இருந்தால் போதும் என்ற நினைப்பையும் இமயமலை எப்போதோ உடைத்துவிட்டது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து இந்திய வீரர்களை அவசரமாக 11,000 முதல் 18,000 அடி உயரத்துக்குக் கொண்டு போய் இறக்கினார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் மலைநோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி 1969இல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. அத்தனை பேரும் பயிற்சி பெற்ற வாலிபர்கள். அந்த அனுபவத்திலிருந்து ராணுவம் கற்றுக்கொண்டது ஒரு அட்டவணை. 9,000 அடியிலிருந்து 12,000 வரை ஆறு நாள், 15,000 வரை இன்னும் நாலு நாள், அதற்கு மேலே மறுபடி நாலு நாள். எல்லையில் எதிரி நிற்கிறபோதுகூடக் காத்திருக்கச் சொல்லும் அட்டவணை அது. மலைமருத்துவர்கள் சாதாரணப் பயணிகளுக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூணு நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடு.

கூடாரக் கட்சியின் மிகப் பலமான வாதத்துக்கு வரலாம். பழகுவதற்காகக் கும்பு ஐஸ்ஃபால் வழியாக மேலும் கீழும் பலமுறை போய் வருவதுதான் ஆபத்து, வீட்டிலேயே பழகிவிட்டால் அந்த நடை குறையும், குப்பையும் குறையும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நகரும் பனிப்பாறைக் குவியல் அது, அங்கே எவ்வளவு குறைவாக நிற்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் நடை குறைவது யாருக்கு? பணம் கட்டியவருக்கு. அவர் ஐந்து நாளில் ஏற வேண்டுமென்றால் அவர் வருவதற்கு முன்பே ஏணி கட்டியிருக்க வேண்டும், உச்சி வரை கயிறு போட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு முகாமிலும் கூடாரமும் அடுப்பும் சாப்பாடும் ஆக்சிஜன் சிலிண்டரும் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் தானாக ஏறிப்போய் உட்காராது. வாரக்கணக்கில் அதே ஐஸ்ஃபாலில் திரும்பத் திரும்ப நடந்து ஷெர்பாக்கள் தூக்கிப் போனவை. 2014 ஏப்ரல் 18 அன்று அந்த ஐஸ்ஃபாலில் பனிச்சரிவில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளிகள்தான். வாடிக்கையாளரின் வாரங்கள் மாயமாகவில்லை, வேறு ஆளின் முதுகுக்கு மாறியிருக்கின்றன. 2025இல் உச்சிக்குப் போன அந்த நாலு பேரோடும் ஷெர்பாக்கள் போனார்கள். அவர்களுக்கு "ஐந்து நாளில் எவரெஸ்ட்" என்று யாரும் தலைப்புப் போடவில்லை.

இன்னொன்று. அந்த நாலு பேரை வைத்து "பார், கூடாரம் வேலை செய்கிறது" என்று சொல்ல முடியுமா? அவர்கள் கூடாரத்தில் தூங்கினார்கள், செனான் சுவாசித்தார்கள், மலையில் சிலிண்டர் ஆக்சிஜனும் எடுத்துக்கொண்டார்கள். போதாததற்குச் சிறப்புப் படையில் இருந்தவர்கள். நாலு மருந்தைக் கலக்கிக் குடித்துவிட்டு, மூணாவது பாட்டிலால்தான் குணமாயிற்று என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். சிலிண்டரைத் திறந்துவிட்டால் 8,000 மீட்டரில் இருக்கும் உடம்பு அதைவிட வெகு கீழே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த ஏற்றத்தில் மிகப் பெரிய பங்கு முதுகில் இருந்த உலோகக் குப்பிக்குத்தான் போக வேண்டும். அதைத் தூக்கி வைத்தவர் யார் என்பது மேலேயே சொல்லியாயிற்று.

முகாம்களுக்கு நடுவே போய் வருவதில் ரத்தம் மட்டும் தேறுவதில்லை என்பதையும் இவர்கள் சொல்வதில்லை. கிராம்பான் மாட்டிய காலோடு ஏணி தாண்டுவது, கனமான கையுறையோடு கயிற்றில் கொக்கி மாற்றுவது, மைனஸ் இருபதில் தண்ணீர் உறைந்தால் என்ன செய்வது, தனக்குத் தலைவலி எப்படி ஆரம்பிக்கும், எரிச்சல் வருமா, பேச்சுக் குழறுமா, இதெல்லாம் அந்த வாரங்களில்தான் தெரியவரும். கூட வருகிறவர்களுக்கும் இவரைத் தெரியவரும். 7,000 மீட்டர் சிகரம் ஒன்றை ஏறியிருந்தால்தான் எவரெஸ்டுக்கு அனுமதி என்று 2025இல் நேபாளத்தில் ஒரு சட்ட வரைவு கொண்டு வந்தார்கள். அனுபவம் இல்லாத கால்கள் அதிகமாகிவிட்டன என்ற பயம்தான் காரணம். கட்டிலில் 7,000 மீட்டர் ஏறியவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது!

லீவு கிடைக்காதவன் என்ன செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வருஷத்துக்கு மூணு வாரம் லீவு இருக்கிறவருக்கு மூணு வாரத்தில் ஏறி இறங்கக்கூடிய மலைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. எட்டு வார மலையை ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது ஆசை, உரிமை இல்லை. அந்த ஆசைக்கு 2025 செப்டம்பரிலிருந்து நேபாள அரசுக்கு மட்டும் 15,000 டாலர் கட்ட வேண்டும், அதற்கு முன் 11,000. அத்தனை பணம் சேர்க்க முடிந்தவரால் லீவும் சேர்க்க முடியும்.

கூடாரம் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கி எறிய வேண்டியதில்லை. நாலைந்து மணி நேரத் தூக்கத்துக்கு ஒன்றும் ஆகாது, மூணு வாரமாவது, ராத்திரிக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் படுக்க வேண்டும். பெட்டியில் ஒளிரும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு ஆக்சிஜன் மீட்டர் வைத்து உள்ளே அளந்து பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டுப் பகல் பயிற்சி படுத்துவிட்டால் கூடாரத்தை நிறுத்த வேண்டும், பயிற்சியை இல்லை. புறப்படுகிற நாளுக்கு நெருக்கமாகத் தூங்க வேண்டும், காட்மாண்டுவில் 1,400 மீட்டரில் ஒரு வாரம் சுற்றிக்கொண்டிருந்தால் இருந்த மிச்சமும் கரையும். முக்கியமாக, மலையில் போட்ட அட்டவணையிலிருந்து ஒரு நாளைக்கூடக் குறைக்கக் கூடாது. தலைவலி வந்தால், வீட்டில் எத்தனை ராத்திரி தூங்கியது என்பதை வழிகாட்டியிடம் சொல்லத் தேவையில்லை, தலைவலியைச் சொன்னால் போதும். தினமும் பெட்டி காட்டிய உயரத்தைக் குறித்து வைத்த நோட்டு இருந்தால், அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.